பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் தெருவில் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்ததில்லை. ஒரு மழை வாரத்துக்குப் பிறகு அது சகஜமாகிவிட்டது. இன்றைக்கும் ஹோட்டல் மேனேஜர் கையைத் தூக்கினால் அவர் சட்டையில் தோள்பட்டைத் தையல் விடுகிறது. அது மருந்துக் கடைக்காரரின் சட்டை என்பது இருவருக்கும் தெரியும். மருந்துக் கடைக்காரர் தினமும் அந்த ஹோட்டலில்தான் சாப்பிடுகிறார். தன் சட்டை தனக்கே பரிமாறுவதைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். நாகரிகம் என்பது இதுதான்.

அப்போது நான் லாண்டரிக்கு மேலே மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் படிப்பு. என் அறைக்கு நேர் கீழே பாய்லர். அதனால் தரை எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிரில் அது சொர்க்கம். வெயிலில் ரொட்டி படும் பாட்டை நானும் படுவேன்.

லாண்டரிக்காரர் குள்ளம். முன்கை இரண்டிலும் நீராவி சுட்ட பழைய தழும்புகள். அவருடைய உலகம் டேக்கில் ஆரம்பித்து டேக்கில் முடிந்தது. வருகிற ஒவ்வொரு துணியின் உட்புறத்திலும் விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டைத் தைப்பார்கள். அதில் அழியாத மையில் வாடிக்கையாளரின் எண். வக்கீல் வீட்டுக்கு ஒன்று, டியூஷன் டீச்சர் வீட்டுக்கு ஒன்று. எனக்கு மட்டும் எண் இல்லை, "மாடி" என்று எழுதியிருக்கும். எல்லாத் துணியும் ஒன்றாகத்தான் ஊறும், ஒன்றாகத்தான் சுற்றும். டேக் இருப்பதால் வீடு வந்து சேரும்.

"இந்தக் கடையில இதுவரைக்கும் ஒரு கைக்குட்டை மாறினதில்ல தம்பி," என்பார். வாடகை கேட்க வரும்போதுகூட இதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்.

இன்னொரு விதியும் இருந்தது. இஸ்திரியில் துணி கருகிவிட்டால், கருகின பக்கத்தை உள்ளே மடிக்கக் கூடாது. வெளியே தெரிகிற மாதிரி மடித்து, கல்லாவில் விரித்து, "இது நாங்க பண்ணதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாங்குபவர் கத்துவார். கத்திவிட்டு அடுத்த வாரம் மறுபடி வருவார். வேலைக்குச் சேர்கிற எவருக்கும் முதல் நாள் முதல் பாடம் இதுதான். அவர் மகளும் பத்து வயதில் இந்தப் பாடம் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

மகள் பெயர் வீட்டில் குட்டி. இருபது வயது, அப்பாவைவிட ஒரு சாண் உயரம். பெரிய இஸ்திரி மெஷின் அவள் ராஜ்ஜியம். பாடிக்கொண்டே காலரை அழுத்துவாள், ஆவி புஸ்ஸென்று அடிக்கும் இடத்தில் பாட்டில் ஓர் இடைவெளி விடுவாள். மேலே படுத்திருக்கிற எனக்கு அந்த இடைவெளிகள் மனப்பாடம்.

மழைக்கு ஒரு மாதம் முன்பே பாட்டு நின்றுவிட்டது. ஆவிச் சத்தம் மட்டும் வந்தது. படிக்கட்டில் ஒருநாள் என்னை மறித்தாள்.

"ராத்திரில தரையில நம்பர் நம்பரா தட்டறது நீயா?"

நான் நடப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து மறுநாளே ரப்பர் செருப்பு வாங்கினேன். அதற்கு அவள் நன்றி சொல்லவில்லை. செருப்பை எடுத்துத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வெகுநேரம் பார்த்தாள்.

தூக்கம் குறைந்தது. தட்டில் வைத்ததை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கினாள். ஒரே தலையணை உறையை மத்தியானம் வரை தேய்த்தாள். பாய்லர் பேசுகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வேலை ஜாஸ்தி என்றார் அப்பா. வயிற்றில் கேஸ் என்றார் அம்மா. போன் என்றார் அத்தை. அத்தை என்பவர் லாண்டரிக்காரரின் அக்கா, அடுத்த தெரு. உலகத்தில் எது கெட்டாலும் அவருக்கு போன்தான் காரணம். குட்டியிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். அதில் பேசவே முடியாது. அதனால் என்ன என்றார் அத்தை.

யார் கேட்டாலும் வீட்டின் ஒரே பதில்: "கொஞ்சம் டயர்டா இருக்கா."

*

மழை பிடித்துக்கொண்டது. சட்டிசட்டியாக ஊற்றியது. துணி காயவில்லை. ஈர வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து படியேறி என் அறைக்குள் குடித்தனம் நடத்தின. வாடிக்கையாளர் யாரும் துணி வாங்க வரவில்லை. தயாரான துணிகளும் தயாராகாத துணிகளும் கம்பி கம்பியாகத் தொங்கின. கடைக்குள் நடக்க வேண்டுமென்றால் ஊரின் பாதிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

மழை கொஞ்சம் தணிந்த ஒரு காலையில், நான் டீக்காகக் கீழே இறங்கினேன். லாண்டரிக்காரர் கடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சட்டை. அதன் காலரைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததை. ஒன்றிலும் டேக் இல்லை.

கவிழ்த்த கூடையின் மேல் குட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரிக்கோல். காலடியில் டீத்தூள் டின், அது நிறைய வெட்டின டேக்குகள். பல வாரமாக நான் பார்க்காத நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. கண் மட்டும் சிவந்து உள்ளே போயிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. இனிமே யாரையும் பிடிக்க முடியாது."

லாண்டரிக்காரர் மகள் மடியில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

"அது பட்டன் வெட்டற கத்தரிம்மா. தையலுக்கு அது ஆகாது."

"நம்பரைப் படிச்சுக்கிட்டே இருந்துதுப்பா. ராவும் பகலும். யார் யார் எங்க இருக்காங்கன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்துது. வக்கீல் சாரைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச்சு. டீச்சரையும். நான் விட்டுடுவேனா?"

"யாரும்மா சொன்னா?"

அவள் பாய்லர் பக்கம் கண்ணைக் காட்டினாள். பாய்லர் வழக்கம்போல் கொதித்துக்கொண்டிருந்தது.

தெருவையே காப்பாற்றியிருக்கிறாள் அவள். அப்படித்தான் அவள் நம்பினாள். அந்தப் பக்கம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது அத்தையின் கால்தான். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது, குடையோடு வந்து நின்றார்.

அத்தை கடையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. நான் இவளைக் கூட்டிக்கிட்டு ஒண்ணுவிட்ட தங்கச்சி ஊருக்குப் போறேன். பெரிய வீடு, பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நாலு மாசம் இருக்கட்டும். தானா சரியாகும்."

"கேக்கறவங்களுக்கு என்னக்கா சொல்றது?"

"கோர்ஸ் படிக்கப் போயிருக்கான்னு சொல்லு."

"என்ன கோர்ஸ்?"

"டைப்பிங்."

"இப்ப யாருக்கா டைப்பிங் படிக்கறா?"

"அப்ப கேக் செய்யற கோர்ஸ். அதெல்லாம் இப்ப படிக்கறாங்க."

"துணிக்கு என்ன சொல்றது?"

"மெஷின் ரிப்பேர்னு சொல்லு. மெஷினா வந்து மறுக்கப் போகுது?"

லாண்டரிக்காரர் தலையாட்டினார். ஆட்டுகிற தலை அவருடையது இல்லை போல ஆட்டினார். அத்தை டிக்கெட் எடுக்க, தன் பையை எடுக்க, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மகளுக்குப் பை கட்டச் சொல்லிவிட்டு அத்தை போனால், அம்மா பாய்லர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டீக்கு வெந்நீர் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அவர் போனைக் காதில் வைத்து, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு, பாய்லர் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க! பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்! போன மாசம் இந்தப் பக்கம் வரமாட்டோம்னீங்க. திங்கக்கெழமை நீங்களே கூப்பிட்டு இனிமே வருவோம்னீங்க. அப்ப வாங்க! மூணு மணிக்குள்ள வாங்க!"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்துக் கடையில ஆஸ்பத்திரி நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க தம்பி. காதுல குரல் கேக்குதா, யாரோ துரத்தற மாதிரி இருக்குதா, ஆரம்பத்துலயே கூப்பிடுங்கன்னு. நானும் ஆரம்பத்துலயே கூப்பிட்டேன். எங்க எல்லை பாலத்தோட முடியுதும்மான்னுட்டாங்க. நோய்க்கு அது தெரியலியே, அது பாட்டுக்குப் பாலம் தாண்டி வந்திருச்சேன்னேன். போன்ல பேசின பொண்ணு பாவம். நம்பரை வாங்கி வெச்சுக்கிட்டா."

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? அவர் அக்காவுக்குத் தெரிஞ்சுடும் அப்புறம்."

*

அவர்கள் வந்த காரில் ஒரு பக்கம்தான் வைப்பர் வேலை செய்தது. அது டிரைவர் பக்கம் இல்லை. அதனால் ஓட்டுகிறவர் பக்கத்து சீட்டின் மேல் சாய்ந்துகொண்டே ஓட்டி வந்திருந்தார். இறங்கியது இருவர். ஒருவர் நர்ஸம்மா, பருமன், மூக்கு நுனியில் கண்ணாடி. சாய்ந்து ஓட்டியவர் நெட்டையாக, கழுத்தில் விசில் தொங்க இருந்தார்.

"விசில் எதுக்கு?" என்றேன்.

"முன்னாடி ஃபுட்பால் ரெஃபரி. இப்ப இவங்களோட வேலை. பழக்கம் விடல," என்றார்.

நர்ஸம்மா நேராகக் குட்டியிடம் போனார். நாற்காலி தேடாமல் இன்னொரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கூடை கொஞ்சம் முனகியது. குட்டியின் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கின அடையாள அட்டையிலேயே நின்றது. அட்டையில் படம், கீழே எண்.

"உங்களுக்கும் போட்டுட்டாங்களா?" என்றாள். கை கத்தரிக்கோலைத் தேடியது. அதை அம்மா எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்.

நர்ஸம்மா குனிந்து அட்டையைப் பார்த்தார். கழற்றினார். டீத்தூள் டின்னுக்குள் போட்டு மூடியை அழுத்தினார்.

"போதுமா? இல்ல டின்னை வேற ரூம்ல வைக்கணுமா?"

குட்டி யோசித்தாள். "வேற ரூம்ல."

டின் என் கைக்கு வந்தது. நான் அதைப் பத்திரமாக மாடிக்குக் கொண்டுபோய் என் கட்டிலடியில் வைத்தேன். அதன் பிறகு இரண்டு வாரம் நர்ஸம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்று கேள்வி.

நான் திரும்பி வந்தபோது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா கேட்பார், குட்டி சொல்வாள், சில சமயம் நடுவில் நிறுத்தி வேறெதையோ கேட்பாள். அப்போது நர்ஸம்மாவும் நிறுத்திக்கொள்வார். அவசரப்படுத்தவில்லை. அது நிஜமில்லை என்று வாதாடவில்லை.

"பயமா இருக்கா?"

"எனக்கில்ல. அவங்களுக்குத்தான்."

"அவங்களுக்காக எத்தனை நாளாத் தூங்காம இருக்கீங்க?"

குட்டிக்குத் தெரியவில்லை. விரல் விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் விட்டாள்.

ரெஃபரி கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டே பேசினார். "எனக்கு வந்தப்போ நான் கிரவுண்டுல இருந்தேன். ரெண்டு டீமும் சேர்ந்து எனக்கு எதிரா சதி பண்றாங்கன்னு தோணிச்சு. எல்லாருக்கும் ரெட் கார்டு குடுத்து வெளிய அனுப்பிட்டேன். கோல்கீப்பர் ரெண்டு பேரையும் சேர்த்து. அப்புறம் லைன்ஸ்மேனுக்கும் குடுத்தேன். கிரவுண்டுல நானும் பந்தும்தான்."

குட்டி அவரைப் பார்த்தாள். "பந்துக்குக் குடுக்கலியா?"

"அது மேலயும் சந்தேகம் இருந்துச்சு. கார்டு தீந்துடுச்சு."

குட்டி சிரித்தாள். சின்னச் சிரிப்புதான், இருமல் மாதிரி. அவள் அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வீட்ல என்னை ஒரு ரூம்ல வெச்சாங்க," என்றார் ரெஃபரி. "நல்லவங்கதான். தானா சரியாகும்னு நினைச்சாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டரைப் பாக்க. அதுக்குள்ள வேலை போச்சு, கூட்டாளிங்க போனாங்க. அதைத் திருப்பி வாங்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு. குரல் அடங்கறதுக்கு அவ்வளவு நாள் ஆகல."

நர்ஸம்மா அப்பாவிடம் திரும்பினார். "இதுக்கு சைகோசிஸ்னு பேரு சார். இந்த வயசுலதான் பெரும்பாலும் வரும். வந்த உடனே பாத்தா நல்லா மீண்டு வர வாய்ப்பு அதிகம். நாளைக்கு டாக்டர் இங்கயே வருவாரு. சின்ன டோஸ்ல மருந்து, தூக்கம், வாராவாரம் நாங்க வருவோம். உங்க எல்லார்கிட்டயும் பேசுவோம். வேலையை விட வேண்டாம். எங்கயும் அனுப்ப வேண்டாம்."

லாண்டரிக்காரர் முகம் சட்டென்று வெளிச்சமானது. கடைசியில் தனக்குப் புரிகிற விஷயம் ஒன்று கிடைத்துவிட்டது.

"புரிஞ்சுதும்மா! கறை புதுசா இருக்கும்போதே பச்சைத் தண்ணில போட்டாப் போயிடும். காய விட்டுட்டோம்னா ஆசிட்தான்."

"அண்ணே," என்றார் ரெஃபரி, "நான் கறை இல்லண்ணே."

"ஐயோ, உங்களைச் சொல்லல தம்பி!"

"ஆசிட்னீங்க."

"சார் ஒரு உதாரணத்துக்குச் சொன்னாரு," என்றார் நர்ஸம்மா. "ஆனா அது கறை இல்ல சார். மூளைக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான்."

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் லாண்டரிக்காரர், கொஞ்சம் வருத்தமாக.

அப்போதுதான் அத்தை பையும் டிக்கெட்டுமாக வந்து சேர்ந்தார். கூடையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"யாரு இது?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்காங்க அண்ணி," என்றார் அம்மா. "நான்தான் கூப்பிட்டேன்."

"நீயா? கார் வாசல்ல நிக்குது, ஊரே பாக்குது! இனி இவ வாழ்க்கை என்னாகும்னு யோசிச்சியா? கிளம்புடி குட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அவங்களைக் கேப்போமே," என்றார் நர்ஸம்மா.

"யாரை?"

"யாரு பஸ்ல போகணுமோ அவங்களை."

அத்தைக்கு இப்படி ஒரு வழி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் குட்டி பதில் சொல்வதற்குள் ஷட்டரை யாரோ தட்டினார்கள். மழை விட்டிருந்தது. மழை விட்டால் ஊர் என்ன செய்யும், துணி வாங்க வரும்.

*

லாண்டரிக்காரர் ஷட்டரை ஏற்றினார். வக்கீல், டியூஷன் டீச்சர், ஹோட்டல் மேனேஜர், மருந்துக் கடைக்காரர், பின்னால் இன்னும் ஏழெட்டுக் குடைகள். எல்லார் கையிலும் பாதி ரசீது. கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரைதான். திரைக்குப் பின்னால் நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம்.

"என் கருப்புக் கோட்டு," என்றார் வக்கீல். "மூணு நாளா மகன் கோட்டைப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போறேன். நீதிபதி என்னைப் பாத்து யாரு தம்பி நீங்கன்னு கேக்கறாரு."

லாண்டரிக்காரர் பின்னால் தொங்கின கருப்புக் கோட்டுகளைப் பார்த்தார். வரிசையாக இருந்தன, ஒன்றுபோல ஒன்று.

"சார்... மெஷின்..."

"மெஷினுக்கு என்ன?"

"மெஷின் கொஞ்சம்... ரிப்பேர். டேக்கெல்லாம்..."

"மெஷின் டேக்கைக் கழட்டுமா?" என்றார் டீச்சர். அவர் கணக்கு டீச்சர்.

"புது மாதிரி ரிப்பேர்ங்க," என்றார் லாண்டரிக்காரர். அவர் வாழ்நாளில் கல்லாவில் நின்று சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாததால் கழுத்து வரை வியர்த்துவிட்டது.

திரை விலகியது. குட்டி நின்றாள். தலை கலைந்து, சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டி, பின்னால் நர்ஸம்மாவின் கை தொடாமல் கிட்டே இருக்க.

"அப்பா. கருகினதை உள்ள மடிக்காதீங்க."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் கடையில் அப்போது ஆவிச் சத்தம்கூட இல்லை.

லாண்டரிக்காரர் மகளைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கல்லா மேல் விரித்து வைத்தார், கருகின துணியை விரிக்கிற அதே மாதிரி.

"மெஷின் ரிப்பேர் இல்லைங்க. என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. அவளுக்குக் காதுல குரல் கேக்குது. உங்களையெல்லாம் யாரோ பிடிச்சுக்கிட்டுப் போகப் போறாங்கன்னு பயந்து டேக்கையெல்லாம் வெட்டிட்டா. உங்களைக் காப்பாத்தறதுக்காக. இவங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்காங்க. வைத்தியம் பாக்கப் போறோம். இங்கயே வெச்சுத்தான் பாக்கப் போறோம்." கொஞ்சம் நிறுத்தி, "எந்தத் துணி யாருதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்து எடுத்துக்குங்க," என்றார்.

ஒரு குடையிலிருந்து கல்லா ஓரமாகத் தண்ணீர் சொட்டியது.

டீச்சர்தான் முதலில் அசைந்தார். குட்டியைப் பார்த்து, "என்னையுமா காப்பாத்தினே?" என்றார்.

"உங்களைத்தான் முதல்ல டீச்சர்."

"நான் உனக்குக் கணக்குல முட்டை போட்டிருக்கேனே."

"தெரியும். ரொம்ப யோசிச்சுத்தான் செஞ்சேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், தேங்கி நின்றது உடைந்தது. வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "சரி. கோட்டைப் பாக்கலாமா?"

குட்டி நர்ஸம்மா பக்கம் திரும்பினாள். "நான் பஸ்ஸுக்குப் போகல. இங்க இருக்கேன். தூங்கணும்."

"மருந்து?"

"நீங்க அட்டையைக் கழட்டினீங்கல்ல. நானும் சாப்பிட்டுப் பாக்கறேன்."

அத்தை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு டிக்கெட்டும் எடுத்தாச்சே," என்றார். அம்மா குட்டிக்குப் பாய் விரிக்கப் போனார். அத்தைக்குக் கோபம் வந்து, மூன்று மணி பஸ்ஸில் தனியாகவே ஏறிப் போய்விட்டார்.

*

டேக் இல்லாமல் ஒரு தெரு தன் துணியைத் தேடினால் என்ன நடக்கும் என்பது புள்ளியியல் மாணவனுக்கு நல்ல பாடம். நல்ல துணி ஒவ்வொன்றுக்கும் இருவர் உரிமை கோரினார்கள். கிழிந்த பனியன்களுக்கு ஒருவரும் இல்லை. அவ்வளவு கௌரவமான தெரு, ஒரு வீட்டில்கூடக் கிழிந்த பனியன் கிடையாது. அந்த அனாதைப் பனியன்கள் பின் கம்பியில் இன்னும் தொங்குகின்றன. சாயங்காலத்துக்குள் கம்பிகள் காலியாகின. என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை, நீல நிறம், வெள்ளைப் பட்டன், நேர்முகத் தேர்வுகளுக்காக வைத்திருந்தது, அதுவும் காணவில்லை. டின் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க நான் மறுபடி மாடிக்குப் போன நேரத்தில் யாரோ அடையாளம் கண்டு எடுத்துப் போய்விட்டார்கள்.

மருந்து ஆரம்பித்த பிறகு குட்டி தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் காலை வகுப்பில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பிறகு பசித்தது. ரொட்டி, முட்டை, அம்மாவுடைய ரொட்டி, என்னுடைய முட்டை. வாய் உலருகிறது, கை கனக்கிறது என்றாள். டாக்டர் மருந்தைக் குறைத்தார், மாற்றினார். எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. மறுபடி அடைமழை பிடித்த ஒரு வாரத்தில் இரண்டு டேக்கை வெட்டிவிட்டாள். வெட்டினதை அவளே நர்ஸம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "மெதுவாத்தான் பேசுது. ஆனா பேசுது," என்றாள். முன்பு அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

ரெஃபரி வாரத்தில் இரண்டு நாள் வந்து இஸ்திரி மெஷின் பக்கத்தில் நிற்பார். உதவி செய்கிறேன் என்று ஒரு திரைச்சீலையைக் கருக்கினார். லாண்டரிக்காரர் அவரைக் கல்லாவில் நிறுத்தி, அவர் வாயாலேயே வாடிக்கையாளரிடம் சொல்ல வைத்தார். கறை விவகாரம் அத்தோடு சரிக்குச் சரியானது. பிறகு ஒரு காலையில் தரைக்குக் கீழிருந்து பாட்டு கேட்டது. ஆவிக்கு இடைவெளி விட்டுப் பாடினாள். நான் கல்லூரிக்குப் போகவில்லை. அப்படிப் போகாமலிருக்க எனக்குக் காரணம் கிடைப்பது புதிதல்ல என்றாலும், அன்றைக்குக் காரணம் உண்மையானது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலை பெருகியது. ஆனால் நர்ஸம்மாவுக்கு இந்தப் பக்கம் உட்கார இடம் இல்லை. காரிலேயே ஆட்களைப் பார்த்தார்கள். ஜன்னலை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் தெருவே கேட்கும். ஒருநாள் லாண்டரிக்காரர் படியேறி வந்தார்.

"தம்பி, இந்தக் கடையில இதுவரைக்கும் ஒரு கைக்குட்டை..."

"வாடகை போன வாரமே குடுத்துட்டேன் அங்கிள்."

"அதில்ல. உனக்கு இந்த ரூம் கொஞ்சம் பெருசா இல்ல?"

"இல்ல அங்கிள்."

"பாய்லர் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. கதகதன்னு இருக்கும்."

"இதுவே கதகதன்னுதான் இருக்கு."

"அது இன்னும் நல்லா இருக்கும்."

இப்படியாக, அரசாங்கமோ ஆஸ்பத்திரியோ செய்யாத விரிவாக்கத்தை நான் என் படுக்கையைச் சுருட்டிச் செய்துகொடுத்தேன். மேலே நர்ஸம்மா, ரெஃபரி, நான்கு நாற்காலி, ஒரு டீ கெட்டில். கேக்கும் உண்டு. ஊருக்குப் போன அத்தை, தான் வந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் வாய் தவறி கோர்ஸ் படிக்க வந்ததாகச் சொல்லி, அதைக் காப்பாற்றுவதற்காக நிஜமாகவே சேர்ந்து கேக் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். முதல் கேக் செங்கல். இப்போது சாப்பிடலாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மாடிக்குப் போக வழி கடைக்குள்ளே. மாடிக்குப் போகிறவர்கள் தெருவுக்குப் பயந்து கையில் ஒரு துணியோடு வந்தார்கள், சலவைக்கு வருகிற மாதிரி. துவைத்து இஸ்திரி போட்ட, ஒரு மடிப்பும் கலையாத துணி. சுத்தமான துணியைத் துவைத்துக் காசு வாங்கமாட்டேன் என்று லாண்டரிக்காரர் பிடிவாதம் பிடித்தார். அதனால் அவற்றுக்கென்று தனியாக ஒரு கம்பி. டேக் தைத்து மாட்டி, ஆள் இறங்கி வந்ததும் அப்படியே எடுத்துக் கொடுப்பார்கள்.

போன வாரம் வக்கீல் வந்தார். பின்னால் ஒரு பையன், கல்லூரி வயது, காதுகளைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி. நான் பாய்லர் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் குட்டி.

"அண்ணன் மகன்," என்றார் வக்கீல். "சும்மா கூட வந்தான். இந்தச் சட்டை கொஞ்சம் துவைக்கணும்." உடனே கூரையைப் பார்த்தார். "அவசரமில்ல. நாங்க வேணும்னா வெயிட் பண்றோம்."

கல்லா மேல் ஒரு சட்டையை வைத்தார். சோப்பு வாடைகூட இன்னும் போகாத, கத்தி மாதிரி மடிப்பு வைத்த சட்டை. நீல நிறம். வெள்ளைப் பட்டன்.

குட்டி சட்டையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

"கொஞ்ச நேரம் ஆகும் சார்," என்றாள். "அதுவரைக்கும் மாடியில உக்காருங்க. டீ இருக்கு, கேக் இருக்கு. கேக்குக்கு நான் பொறுப்பில்ல."

பையன் நகரவில்லை. தரையைப் பார்த்தே, "மேல என்ன கேப்பாங்க?" என்றான்.

"கேக்கறதைவிட நீ சொல்றதைத்தான் கேப்பாங்க. அட்டை, நம்பர் எதுனா பிடிக்கலன்னா சொல்லு, கழட்டிடுவாங்க. விசில் போட்டிருக்கிற அண்ணன்கிட்ட பந்தைப் பத்திக் கேளு."

"உங்களுக்கு... போயிடுச்சா?"

"எப்பவாவது வரும். இப்பக்கூட ஏதோ சொல்லுது." குட்டி ஊசியில் நூல் கோத்தாள். "கடையில கூட்டமா இருக்கு, வரிசையில நில்லுன்னு சொல்லியிருக்கேன்."

பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். பிறகு படியேறினான். வக்கீல் அவன் பின்னால், படிக்கு ஒரு முறை மூச்சு வாங்கி நின்றபடி ஏறினார். மேலே கதவு திறந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

குட்டி சட்டையைத் திருப்பிக் காலரை விரித்தாள். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அழியாத மையில் எழுதி, ஊதி, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். சட்டையைக் கொண்டுபோய் சுத்தமான துணிக் கம்பியில் மாட்டாமல், நேராக என்னிடம் வந்து மடியில் போட்டாள்.

டேக்கில் "மாடி" என்று இல்லை. "பாய்லர்" என்று இருந்தது.

"அவர் வந்து கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன்.

"உள்ள மடிக்காமச் சொல்லிடுவேன்," என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே மெஷினுக்குப் போனாள்.